ஃபான்ட் அக்காவின் இடது கண்

அச்சகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வழக்கொழிந்து பல வருஷமாகிவிட்டது. எல்லோருக்கும் அவள் ஃபான்ட் அக்கா. அவளைவிட எட்டு வயது மூத்த மிஷின்காரர்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார். கேலியாகத்தான் ஆரம்பித்தார், நாளாக ஆகக் கேலி தேய்ந்து பெயர் மட்டும் நின்றுவிட்டது. ஒருமுறை கூரியர்க்காரர் அவளுடைய உண்மைப் பெயரைச் சொல்லித் தேடிவந்தபோது, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று இதே மிஷின்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். அன்றைக்கு மட்டும் அவளுக்குக் கோபம் வந்தது. மறுநாள் அதற்கும் நேரமில்லை.

மருந்துப் பெட்டிக்குள் மெல்லிய தாளில், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்துகளோடு எட்டாக மடித்த ஒரு சீட்டு இருக்குமே, வாங்கியவுடன் நாமெல்லாம் பிரிக்காமலே குப்பையில் போடுவோமே, அதை அச்சடிக்கிற இடம் அது. ஆறு கம்ப்யூட்டர்கள், இரண்டு அச்சு இயந்திரங்கள், ஒரு மடிப்பு இயந்திரம், ஒன்பது பேர். மருந்துக் கம்பெனிகள் ஒவ்வொன்றும் 'எங்கள் எழுத்து' என்று தனியாக ஒரு ஃபான்ட்டைத் தூக்கிக்கொண்டு வரும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் அவர்களுடைய சீட்டு அவர்கள் நினைத்த மாதிரி திரையில் தெரியும். இருபத்தாறு வருஷமாக அந்த எழுத்துகளை ஏற்றுவதும், இறக்குவதும், ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வதும் அவள் வேலை. சீட்டுகளை வடிவமைப்பதும் அவள்தான். ஆனால் அது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. எழுத்து உடைந்து வந்தால்தான் அவள் ஞாபகம் வரும்.

அவளுக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. புது எழுத்து வந்தால் ஆறு கம்ப்யூட்டரிலும் அதே நாளில், அதே ஃபோல்டரிலிருந்து ஏற்ற வேண்டும். ஒன்றில் ஏற்றிவிட்டு மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது கிடையாது. ஒரே பெயரில் இரண்டு விதமான எழுத்து இருப்பது, ஒரே பெயரில் இரண்டு மருமகள்கள் இருக்கிற வீடு மாதிரி. கூப்பிட்டால் எந்த மருமகள் வந்து நிற்பாள் என்று தெரியாது. இந்தக் கட்டுப்பாட்டை அவள் இருபத்தாறு வருஷமாகக் காப்பாற்றினாள். புதுக் கம்ப்யூட்டர் வந்த வாரம்தான் முதன்முதலாக மீறினாள்.

அதற்கு முன்னால் அவளுடைய கண்ணைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இடது கண்ணில் புரை. ஒரு வருஷமாகவே அந்தப் பக்கம் நீராவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்க்கிற மாதிரிதான். திரையைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். யாராவது தாளை நீட்டினால் வலது கைப்பக்கம் வாங்கிக்கொண்டாள். அச்சகத்தில் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. கண் தெரியாத சமையல்காரியைக்கூட வேலைக்கு வைத்துக்கொள்வார்கள், கண் தெரியாத எழுத்துக்காரியை எவர் வைத்துக்கொள்வார்? வீட்டில் அவளும் தங்கையும்தான். தங்கை கணவனைப் பிரிந்து வந்து ஒன்பது வருஷம். பள்ளிக்கூட நூலகத்தில் அரைநாள் வேலை. வீடு நடப்பது அக்காவின் கண்ணால்.

ஆஸ்பத்திரியில் நான்கு மாதம் காத்திருந்து ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது. வரும் வியாழக்கிழமை. விட்டால் அடுத்த தேதிக்கு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். ஆபரேஷன் அன்றும், அதற்குப் பிறகு பத்து நாளும் லீவு வேண்டும். எதற்கு என்று முதலாளி கேட்பார். என்ன பொய் சொல்வது என்று இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டே இருந்தாள். யோசிக்கவே அலுப்பாக இருந்தது. இன்று கேட்கலாம், நாளை கேட்கலாம் என்று செவ்வாய்க்கிழமை வந்துவிட்டது.

புதுக் கம்ப்யூட்டர் மூன்று வாரத்துக்கு முன்னால் வந்திருந்தது. பழையது காலையில் போட்டால், நீங்கள் முகம் கழுவி, தண்ணீர் பிடித்து, நாலு பேரிடம் நலம் விசாரித்துவிட்டு வந்தாலும் இன்னும் எழுத்துகளை எண்ணிக்கொண்டே இருக்கும். முதலாளி பெரிய மனதோடு புதிதாக வாங்கிவைத்தார். "உனக்குத்தாம்மா, இனிமே பறக்கலாம்" என்றார். பறப்பதற்கு முன்னால் இரண்டாயிரத்து முந்நூறு எழுத்துகளைப் புதியதற்கு மாற்ற வேண்டியிருந்தது. அதில் நூற்று நாற்பதைப் புது மென்பொருள் ஏற்க மறுத்துவிட்டது. பழைய முறையில் செய்த எழுத்துகளாம்; அவற்றுக்கு இனி அதன் வீட்டில் இடமில்லையாம். முகஜாடையில் ஒத்துப்போகிற வேறு எழுத்துகளைத் தேடி ஏற்றிப் பார்த்தாள். மற்ற ஐந்து கம்ப்யூட்டரில் ஒன்று, அவளுடையதில் வேறொன்று. கட்டுப்பாடு உடைந்தது அப்படித்தான். எல்லாவற்றையும் சரிக்கட்ட ஒரு வாரம் கேட்டாள். "தலைக்கு மேல வேலை கிடக்கு, ஒவ்வொண்ணா பார்த்துக்கலாம்" என்றார் முதலாளி.

அதிலிருந்து பழைய ஃபைல் எதைத் திறந்தாலும் ஒரு பெட்டி எழும்பியது. இன்னின்ன எழுத்துகள் இல்லை, வேறு எழுத்தை வைத்துக் காட்டட்டுமா என்று கேட்டது. முதல் இரண்டு நாள் அந்தப் பட்டியலை முழுதாகப் படித்தாள். பிறகு முதல் வரியை மட்டும் படித்தாள். அதற்கும் பிறகு பொத்தான் எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்த்தாள். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது தடவை. இதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் அவர்களை அந்த நாற்காலியில் ஒரு வாரம் உட்கார வைக்க வேண்டும்.

அந்த மூன்றாவது வாரத்தில் வந்ததுதான் குழந்தைகளுக்கான சொட்டு மருந்தின் சீட்டு. பிறக்கும்போதே தைராய்டு குறைவாக இருக்கிற குழந்தைகளுக்குக் கொடுப்பது. ஏற்கெனவே பதினொரு தடவை அச்சடித்த சீட்டுதான். கம்பெனி இடம் மாறியிருந்தது. கடைசி வரியில் விலாசத்தை மட்டும் மாற்ற வேண்டும். மாற்றினாள். கம்பெனியிலிருந்து வந்தவர் விலாசத்தின் மேல் விரலை வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். அவளும் விலாசத்தைச் சரிபார்த்தாள். பிறகு வழக்கப்படி எழுத்துகளை எல்லாம் கோடாக மாற்றினாள். அப்படி மாற்றிவிட்டால் அது எழுத்தே இல்லை, வெறும் படம். எந்த இயந்திரத்துக்குப் போனாலும் இனி மாறாது. சரியாக இருந்தால் சரியாகவே இருக்கும். தப்பாக இருந்தால் தப்பாகவே இருக்கும். அறுபதாயிரம் சீட்டு திங்கட்கிழமை அச்சாகி, செவ்வாய்க்கிழமை மடித்து முடிந்தது. புதன் காலை பத்து மணிக்கு லாரி.

செவ்வாய் மாலை வீட்டுக்கு வந்தவள் சாப்பாட்டு டப்பாவைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள். டப்பா ஒழுகாமல் இருக்க அச்சகத்தின் வீண்தாளில் சுற்றி எடுத்துவருவது அவள் வழக்கம். தங்கைக்கு எதையும் படிக்காமல் கசக்கிப் போட மனசு வராது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிப்பாள்.

"அக்கா, இது என் மாத்திரை மாதிரிதானே?" என்றாள், டப்பாவைச் சுற்றியிருந்த தாளைப் படித்துக்கொண்டே. அவளும் தைராய்டுக்காகத் தினமும் காலையில் ஒரு மாத்திரை சாப்பிடுகிறவள்.

"ம். குழந்தைகளுக்கு. சொட்டு மருந்து."

"குழந்தைக்கு எதுக்கு இவ்வளவு கொடுக்கறாங்க?"

"எவ்வளவு?"

"என் மாத்திரை அம்பது மைக்ரோகிராம். எனக்கே அவ்வளவுதான். இதுல குழந்தையோட எடை ஒவ்வொரு கிலோவுக்கும் பத்து மில்லிகிராம்னு போட்டிருக்கு. ஒரு மில்லிகிராம்னா ஆயிரம் மைக்ரோகிராம் இல்ல?"

அவள் எழுந்து தாளை வாங்கி டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தாள். இடது கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

மைக்ரோ என்பதற்கு ஒரு குறி உண்டு. இடது காலை மட்டும் கீழே நீட்டிய கிரேக்க எழுத்து. அந்தக் காலத்தில் அந்தக் குறி வேண்டுமென்றால் குறிகளுக்கென்றே இருந்த தனி எழுத்தைத் தேர்ந்து 'எம்' விசையை அழுத்துவார்கள். அடித்தது எம், தெரிவது மைக்ரோ. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி அடித்தது அவளேதான். புதுக் கம்ப்யூட்டர் ஏற்க மறுத்த நூற்று நாற்பதில் அந்தக் குறி எழுத்தும் ஒன்று. அது போனதும் உள்ளே இருந்த எம் சாதாரண எம்மாக, அதாவது மில்லியாக, வந்து நின்றுவிட்டது. மைக்ரோகிராம் இருந்த இடத்தில் எல்லாம் மில்லிகிராம். எண்ணிப் பார்த்தாள். பதினேழு இடம்.

"தப்பா?" என்றாள் தங்கை.

"தப்பு."

"அனுப்பிட்டாங்களா?"

"காலைல பத்து மணிக்குப் போகும்."

தங்கை டப்பாவைக் கழுவாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். "சொன்னா, எப்படி விட்டீங்கன்னு கேப்பாங்க. கண்ணைப் பத்தி வரும். வியாழக்கிழமை வேற..." என்று இழுத்தாள். பிறகு, "நான் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்" என்றாள்.

இருந்திருக்கலாம் என்றுதான் அக்காவுக்கும் பட்டது. அப்படிப் பட்டதற்கு வெட்கமாக இருந்தது; ஆனாலும் பட்டது. நாளை லாரி போய்விட்டால் யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை அவள் ஆஸ்பத்திரிக்குப் போவாள், பத்து நாள் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். அந்தப் பத்து நாள் தூக்கத்தை நினைத்துத்தான் அவள் இந்த நான்கு மாதத்தை ஓட்டினாள்.

புதன்கிழமை காலை எட்டேகாலுக்கு அவள் அச்சகத்துக்குள் நுழைந்தபோது மிஷின்காரர் கட்டுகளை வாசலில் அடுக்கிக்கொண்டிருந்தார். "என்னக்கா, இன்னிக்குச் சூரியன் மேற்கே உதிச்சிடுச்சா?" என்றார். அவள் நேராக முதலாளியின் அறைக்குப் போய்த் தாளை மேஜையில் வைத்தாள். பதினேழு இடத்திலும் சிவப்பு மையில் சுழித்திருந்தாள். என்ன நடந்தது என்று நாலு வாக்கியத்தில் சொன்னாள். முன்கூட்டியே பஸ்ஸில் மனப்பாடம் செய்துவந்த நாலு வாக்கியங்கள்.

முதலாளி கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார்.

"கம்பெனிக்காரரே கையெழுத்துப் போட்டிருக்காரே."

"விலாசத்தை மட்டும் பார்த்துட்டுப் போட்டார் சார்."

"இது டாக்டர் எழுதிக் கொடுக்கற மருந்தும்மா. டாக்டருக்கு அளவு தெரியாதா? இந்தச் சீட்டில இருக்கற அளவுக்குக் கொடுக்கணும்னா குழந்தைக்கு ஒரு குடம் மருந்து ஊத்தணும். யாராவது ஊத்துவாங்களா?"

"ஒரு குடம் ஊத்த மாட்டாங்க சார். குழப்பத்துல ஒரு ஸ்பூன் ஊத்தலாம்."

"நீயும் நானும் இத்தனை வருஷமா இதைத்தான் அடிக்கறோம். பிரிச்சுப் படிச்ச ஒரு ஆளை நீ பார்த்திருக்கியா? மனசைத் தொட்டுச் சொல்லு."

இந்தக் கேள்வி அவளை உண்மையாகவே குத்தியது. அவளும் பல தடவை தன்னையே கேட்டுக்கொண்ட கேள்விதான் அது. இருபத்தாறு வருஷம், கோடிக்கணக்கான சீட்டு, ஒரு கண். யாருக்காக?

"என் தங்கச்சி படிச்சா சார்" என்றாள்.

முதலாளி அவளை நிமிர்ந்து பார்த்தார். வெளியே லாரி பின்னால் வருகிற பீப் பீப் சத்தம் கேட்டது. அவர் எழுந்து வாசலுக்குப் போய், "ஏத்தாதே, உள்ளே எடுத்து வை" என்றார். பிறகு கம்பெனிக்குப் போன் போட்டு, சரக்கு நாளை மறுநாள்தான் வரும், மடிப்பு இயந்திரம் மக்கர் பண்ணுகிறது என்று சொன்னார். பாவம் மடிப்பு இயந்திரம்.

அரை மணி நேரத்தில் அவள் சீட்டைச் சரிசெய்துவிட்டாள். தொலைந்த எழுத்தைத் தேடாமல், அந்தக் குறியை உள்ளேயே வைத்திருக்கிற நல்ல எழுத்து ஒன்றை எடுத்து, பதினேழு இடத்திலும் உண்மையான மைக்ரோவையே போட்டாள். பக்கத்துக் கம்ப்யூட்டரில் பழைய ஃபைலைத் திறந்து ஒப்பிட்டாள். அச்சுப் பிளேட் புதிதாகப் போட்டு மிஷின்காரர் அச்சைத் தொடங்கினார். எல்லாம் இவ்வளவுதானா என்றிருந்தது. முதலாளி அவள் பின்னால் வந்து நின்றார்.

"வேற எதுலெல்லாம் இந்தக் குறி இருக்கும்?"

"புதுக் கம்ப்யூட்டர் வந்ததுக்கப்புறம் முப்பத்தோரு வேலை போயிருக்கு. எதுல இருக்கு, எதுல இல்லைன்னு திறந்து பார்த்தாத்தான் தெரியும்."

"முப்பத்தொண்ணையும் நீயே பாரும்மா. வேற யார் கையையும் நம்ப முடியாது. ரெண்டு நாள் ஆனாலும் பரவாயில்லை."

ரெண்டு நாள் என்றால் வியாழனும் போயிற்று. அவளுக்குத் திடீரென்று எல்லாமே அலுத்துப்போனது. பொய்யை யோசிப்பது, திரையை நகர்த்துவது, தாளை வலது கைப்பக்கம் வாங்குவது, எல்லாம்.

"நான் பார்த்தா போதாது சார். எனக்கு இடது கண்ணு தெரியல. புரை முத்திப்போச்சு. நாளைக்கு ஆபரேஷன்."

அவர் குனிந்து அவளுடைய இடது கண்ணைப் பார்த்தார்.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷமா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா வேற ஆளை வெச்சிருப்பீங்க."

சேச்சே என்பார் என்று அவள் எதிர்பார்த்தாள். இத்தனை வருஷத்துப் பழக்கத்துக்காவது ஒரு பொய் சொல்லுவார் என்று நினைத்தாள். மடிப்பு இயந்திரத்தின் மேல் சொன்னாரே, அந்த மாதிரி ஒன்று போதும்.

"வெச்சிருப்பேன்" என்றார்.

சொல்லிவிட்டுப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "திற. நான் படிக்கறேன். நீ பழசோட ஒத்துப் பாரு" என்றார். யாரும் படிப்பதில்லை என்று காலையில் சொன்ன மனிதர், வரி வரியாக விரல் வைத்து, வாய்விட்டு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தடுக்கித் தடுக்கிப் படித்தார். சர்க்கரைக்கு ஒன்று, வலிப்புக்கு ஒன்று, தோல் அரிப்புக்கு ஒன்று. வாயில் நுழையாத மருந்துப் பெயர்களை விழுங்கினார். அளவுகளை மட்டும் இரண்டு தடவை சொன்னார். அவளுக்கு அவர் மேல் பாசமே வந்துவிட்டது. மதியச் சாப்பாட்டை இருவரும் மறந்தார்கள். ஏழாவது ஃபைலில் அவர் குரல் நின்றது.

"இதுவும்."

ஆஸ்துமாவுக்கு மூச்சோடு இழுக்கிற மருந்து. ஒன்பது இடம். அதன் சீட்டு போய்ப் பத்து நாளாகியிருந்தது. இந்நேரம் பெட்டிகளில் ஏறி, கடைகளுக்குப் போயிருக்கும்.

முதலாளி எழுந்து தன் அறைக்குப் போனார். கதவைச் சாத்தவில்லை. இந்தத் தடவை இயந்திரத்தின் மேல் பழி போட முடியாது என்று அவருக்கும் தெரியும். அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டு நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார், சரக்கைத் திரும்ப எடுக்கச் சொன்னார், மன்னிப்புக் கேட்டார். எதிர்ப்பக்கம் யாரோ சத்தம் போடுவது இவள் இருந்த இடம்வரை கசகசவென்று கேட்டது. அதற்குப் பிறகு அவர் குரல் தாழ்ந்தது.

"எங்க டிசைனருக்குக் கண்ணு தெரியலீங்க. மறைச்சுட்டாங்க. எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்... ஆமாங்க. இல்லீங்க, இனிமே அவங்க உங்க வேலையைத் தொட மாட்டாங்க. வேற ஆள் போடறேன்."

அவர் சொன்னதில் பொய் ஒரு சொல்கூட இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அழுகை வந்தது, அடக்குகிற தெம்பு இல்லாததால் அழுதாள். மிஷின்காரர் தற்செயலாக உள்ளே வந்தவர், ஒன்றும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை அவளுடைய வலது கைப்பக்கம் வைத்துவிட்டுப் போனார். அப்படியென்றால் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எட்டாவது ஃபைலைத் திறந்தாள். பெட்டி எழும்பியது. பட்டியலை முழுதாகப் படித்தாள். இருட்டுவதற்குள் இன்னும் இருபத்து நாலு பார்க்க வேண்டும், அதுவும் ஒற்றைக் கண்ணால். முடித்துவிட்டுத்தான் போவாள், அந்த ஆஸ்துமாக்காரர்கள் அவளுக்கு என்ன செய்தார்கள்? எப்படியோ, வியாழக்கிழமைக்கு இனி யாரிடமும் லீவு கேட்க வேண்டியதில்லை.